பெட்டியில் இல்லாத பெயர்

ஆற்றோரத்துக் குடிசைகளை இடித்து, அங்கிருந்த சனங்களை லாரிகளில் ஏற்றிக் கொண்டுவந்து சதுப்பு நிலத்துக்கு அப்பால் இறக்கிவிட்ட நாளிலிருந்து, அந்தக் குடியிருப்பில் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாமல் இருந்தது. எல்லா பிளாக்குக்கும் ஒரே மஞ்சள், ஒரே படிக்கட்டு, படிக்கட்டு முனையில் ஒரே மூத்திர நாற்றம். குலுக்கலில் விழுந்த வீட்டுக்கு அவரவர் போனதால், ஒரே குழாயடியில் காலமெல்லாம் சண்டை போட்டவர்கள் திசைக்கொருவராகச் சிதறிப்போனார்கள். கதவு எண்களை அதிகாரிகள் முதலில் நீலத்தில் எழுதினார்கள், பிறகு அதை அழிக்காமலே சிவப்பில் வேறு எண் எழுதினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் யார் வீட்டிலோ சோறு தின்றுவிட்டு அங்கேயே தூங்கிப்போனார்கள், வேலை முடிந்து வந்த ஆண்கள் அடுத்தவன் கதவைத் தட்டி அடி வாங்கினார்கள்.

டில்லிராணி ஐந்தாம் பிளாக்கின் கீழ்த்தளத்தில் கேபிள் ரூம் வைத்திருந்தாள். கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போன புருஷனைப் படுக்கையில் போட்டுவிட்டு, அவன் பார்த்த தொழிலை அவள் பார்த்தாள். டிவி கேபிள் போய் நெட் வந்தபோது, எல்லா வீட்டுக்கும் லைன் பிரித்துக் கொடுக்கிற ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கம்பெனி ஆள் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். எந்த வீட்டில் லைன் போனாலும் பெட்டி வெறும் நம்பரைத்தான் காட்டும். அது யார் வீட்டு நம்பர் என்று தெரியாமல் அவள் பிளாக் பிளாக்காக ஏறி இறங்கி மூட்டு வீங்கிக் கிடந்ததைப் பார்த்து, அவனே ஒரு வழி சொல்லிக் கொடுத்தான். கீபோர்டில் தட்டிப் பெட்டிக்குள் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் அந்த வீட்டு லைன் நம்பரை எழுதிவிட்டால் போதும், அப்புறம் பெயரைக் கேட்டால் பெட்டியே வீட்டைச் சொல்லிவிடும். வேண்டாம் என்றால் அழித்துக்கொள்ளலாம், வீடு மாறினால் மாற்றிக்கொள்ளலாம்.

அவள் முதலில் எழுதிய பெயர் அஞ்சலாட்சி. ஆற்றோரத்தில் பக்கத்துக் குடிசைக்காரி, ஆஸ்பத்திரியில் துடைக்கிற வேலை, ஒரே மகன் லோகநாதனோடு இப்போது பன்னிரண்டாம் பிளாக்கில் இருந்தாள். எழுதிய மறுநாள் காலை, முன்பு அஞ்சலாட்சியோடு வேலை பார்த்த ஒருத்தி, அவளை மாதக்கணக்காகத் தேடிச் சலித்திருந்தவள், கேபிள் ரூமுக்கு வந்து, அஞ்சலாட்சியை நினைத்துக்கொண்டு நடந்தேன், காலே கூட்டிக்கொண்டுபோய் அவள் கதவில் நிறுத்திவிட்டது என்று சொல்லிவிட்டு, தன் பெயரையும் அதில் போடச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் அவள் நாத்தனார் நின்றாள், நாத்தனாருக்குப் பின்னால் அந்த வரிசை ரேஷன் கடை வரைக்கும் போனது.

அது எப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்று கேட்டே தொண்டை வற்றியவர்கள், வந்த ஒன்றை ஏன் வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். பிள்ளை பிறந்தால் அம்மன் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியில் கேபிள் ரூமிலும் காட்டிப் பெயர் எழுதினார்கள். கல்யாணம் முடிந்து மாலையோடு வந்த பெண்கள் தங்கள் பெயரைத் தாய் வீட்டிலிருந்து எடுத்துப் புருஷன் வீட்டில் போடும்போது பெட்டியைப் பார்த்து அழுதார்கள். கோபித்துக்கொண்டு தாய் வீடு வந்தவள் பெயரை மாற்றச் சொன்னால், டில்லிராணி ஒரு ராத்திரி பொறு என்பாள், பாதிப் பேர் மறுநாள் வரமாட்டார்கள். ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருந்தால் பெட்டி ஏற்காது என்பதால் பூக்கார முருகன், டயர் முருகன், ஒத்தைக்கண் முருகன் என்று ஆனார்கள், ஒத்தைக்கண் முருகனுக்கு மட்டும் அதில் கொஞ்சம் வருத்தம். கரண்ட் போனால் பெட்டியும் அணையும், அப்போது படியில் இருந்தவர்கள் இருந்த படியிலேயே நின்று, கரண்ட் வந்த பிறகு மீதிப் படியை ஏறினார்கள். நாய்களுக்கும், பேசத் தெரியாத குழந்தைகளுக்கும் மட்டும் இது எதுவும் தேவைப்படவில்லை.

பெயர் எழுதாதவர்களுக்கு என்ன ஆனது என்பதும் மெல்லத் தெரிந்தது. அவர்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை. பிறகு அவர்களுடைய பெயரைச் சொன்னாலும் காதில் நிற்கவில்லை, பஸ் இரைச்சலில் சொன்னதுபோல எங்கோ போய்விட்டது. அதனால் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், எழுதாதவர்கள் யாருமே இல்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மழைக்கு முந்தின மாதத்தில், மூடி இல்லாத கழிவுநீர்த் தொட்டியில் ஒரு பெண் குழந்தை விழுந்து செத்தது. தொட்டிக்கு மூடி கேட்டு எத்தனையோ தடவை மனு கொடுத்திருந்தார்கள். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த சனம் அப்படியே மெயின் ரோட்டில் உட்கார்ந்தது. அஞ்சலாட்சியின் மகன் லோகநாதன் பெயின்ட் அடிக்கிற வேலைக்காரன், அதிகம் பேசாதவன், அன்றைக்கு என்னவோ முன்னால் போய் நின்று அதிகாரியின் ஜீப்பில் கை வைத்து, இறங்கி வந்து தொட்டியைப் பாரு என்று சொன்னான். பின்னாலிருந்து யாரோ எறிந்த கல் ஜீப்பின் கண்ணாடியில் விழுந்தது. தடியடி முடிந்து சனம் கலைந்தபோது, போலீஸுக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

மறுநாள் மத்தியானம் அஞ்சலாட்சி கேபிள் ரூமுக்கு வந்தாள். அவளோடு பன்னிரண்டாம் பிளாக்கே வந்திருந்தது. பெயரை அழித்துவிடு என்று சிலர் சொன்னார்கள். அழித்தால் தேடி வருகிறவர்கள் கால் போகிற இடம் தெரியாமல் எல்லாக் கதவையும் உடைப்பார்கள், கிடைத்த பிள்ளைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அழிக்க வேண்டாம், மாற்று என்று யாரோ சொன்னார்கள். நாற்பத்தோராம் பிளாக்கின் உச்சி மாடியில் ஒரு வீடு, ஒதுக்கப்பட்ட குடும்பம் வரவே இல்லை, லைன் மட்டும் இழுத்து விட்டிருந்தது, வெறும் வீடு. போலீஸ் ஏறிப் பார்க்கட்டும், பூட்டைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

டில்லிராணி ஒருதடவை ஏறிப் பார்த்திருக்கலாம். லிஃப்ட் ஓடாத பிளாக் அது. மூட்டு வலித்தது, அஞ்சலாட்சியின் கை அவள் தோளில் இருந்தது, ஜீப் கிளம்பிவிட்டதாக, அடிபட்டவர்களைப் போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவள் லோகநாதன் என்ற பெயருக்கு எதிரே இருந்த நம்பரை எடுத்துவிட்டு அந்த வெறும் வீட்டின் நம்பரைப் போட்டாள். மாற்றிய பிறகும் கால்கள் கொஞ்ச நேரம் பழைய வீட்டையே ஞாபகம் வைத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். குடியிருப்பு முழுவதும் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு நடந்தார்கள். அதற்குப் பிறகு, குடியிருப்பின் கேட்டில் யார் வந்து லோகநாதன் வீடு எது என்று கேட்டாலும், கூட நின்று மாற்றச் சொன்னவர்களின் கையே நாற்பத்தோராம் பிளாக்கைத்தான் காட்டியது.

போலீஸ் ஏறிப்போய், ஒரு ஆளை இழுத்துக்கொண்டு இறங்கியது.

அங்கே ஒரு ஆள் இருந்தான் என்பது யாருக்கும் தெரியாது. ஒல்லியான உடம்பு, இடுப்பில் ஈர லுங்கி, காதோரம் சோப்பு நுரை காயாமல் இருந்தது. கோயம்பேட்டுப் பக்கம் மூட்டை தூக்கிவிட்டுத் தங்க இடமில்லாமல் பூட்டாத வீட்டில் படுத்துக்கொண்டிருந்தவன். நான் லோகநாதன் இல்லீங்க என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். பின்னே யார்றா நீ என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டபோது தன் பெயரைச் சொன்னான். அந்தப் பெயர் பெட்டியில் இல்லை. அவன் உதடு அசைந்தது, அவ்வளவுதான், யார் காதிலும் ஒன்றும் விழவில்லை.

கேபிள் ரூம் வாசலில் டில்லிராணி நின்றிருந்தாள், பக்கத்தில் அஞ்சலாட்சி. கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டிருந்தது. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"யாராச்சும் சொல்லுங்களேன்," என்றான். "நான் அவரு இல்லன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்களேன்."

டில்லிராணிக்கு வாய் வரைக்கும் வந்தது. அஞ்சலாட்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் உடைந்து சதைக்குள் ஏறுகிற பிடி அது. அஞ்சலாட்சி அவளைப் பார்க்காமலே பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் ஒரு பெண், ஐயோ லோகு, என்று அழ ஆரம்பித்தாள். பெட்டி சொன்னதை அவள் நம்பினாளா, நம்புவதுபோல அழுதாளா என்பதை அவளே பிற்பாடு சொல்ல முடியவில்லை. இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். அழுகை பரவியபோது சந்தேகம் தீர்ந்து, சப்-இன்ஸ்பெக்டர் அவனை ஜீப்பில் ஏற்றினார்.

மூன்றாம் நாள், விசாரணைக்கு வந்தவர் கழிவறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனதாகச் சொன்னார்கள். ஸ்டேஷனில் அவன் தன் பெயரைச் சொல்லியிருப்பான். அங்கே பெட்டி செல்லாது, அங்கே அது காதில் விழுந்திருக்கும். ஆனால் எழுதிய பெயரை அடித்துவிட்டு வேறு பெயர் எழுத அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். தூக்கியவர்களின் கால்கள் நாற்பத்தோராம் பிளாக்கின் படியில் போய் நின்றன. இது உங்க மகன்தானே என்று கேட்டுப் போலீஸ்காரர் அஞ்சலாட்சியிடம் காகிதத்தை நீட்டினார். இல்லை என்றால் அடுத்த ஜீப் நிஜமான லோகநாதனுக்கு வரும். அஞ்சலாட்சி துணியை விலக்கி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். ஆமாம் என்று கைநாட்டு வைத்தாள். அப்புறம் மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகை பொய்யில்லை. பூப்பல்லக்கு கட்டினார்கள், மேளம் வைத்தார்கள், குடியிருப்பே திரண்டு போய்ப் புதைத்தது. பன்னிரண்டாம் பிளாக்கில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு லோகநாதன் தன் சாவு மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு குடியிருப்பு அந்தச் சாவையும் தனக்குள் எடுத்துக்கொண்டது. உச்சி மாடி வீட்டு வாசலில் ஒரு விளக்கு வைத்தார்கள். லோகநாதன் பெயர் போட்ட பேனர் கேட்டில் தொங்கியது. கழிவுநீர்த் தொட்டிகளுக்கு அவசரமாக மூடி வந்தது, அது லோகநாதன் உயிரைக் கொடுத்து வாங்கியது என்று பேசிக்கொண்டார்கள். பேசப்பேச, சாவு வீட்டுக்கு வந்தவர்களில் பலருக்கு, புதைத்தது லோகநாதனைத்தான் என்று நிஜமாகவே ஆகிவிட்டது.

உயிரோடு இருந்தவனுக்கு ஆனது வேறு. அவன் அம்மாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். அஞ்சலாட்சி சோற்றைத் தட்டில் போட்டு, லோகுவுக்குக் குடுக்கணும் என்று மனதில் நினைப்பாள், நினைத்ததும் கால் திரும்பிவிடும். தட்டோடு வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, நாற்பத்தோராம் பிளாக்கின் படியெல்லாம் ஏறி, வெறும் வீட்டின் நடுவில் நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரியும். இறங்கி வருவதற்குள் சோறு ஆறிப்போகும். பெயரை நினைக்காமல் அவனைப் பார்க்கப் பழகினாள். தம்பி என்று கூப்பிட்டாள், டேய் என்று கூப்பிட்டாள். ஆனால் பெற்று வைத்த பெயரை நினைக்காமல் ஒருத்தி எத்தனை வாய் சோறு போட முடியும். மூன்றாவது கவளத்தில் எழுந்து நடந்துவிடுவாள். பின்னாலிருந்து அவன், அம்மா, நான் இங்க இருக்கேம்மா என்று கூப்பிடுவது பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோல அவளுக்குக் கேட்கும்.

பெயரைத் திருப்பி வைத்துவிடட்டுமா என்று டில்லிராணி ஒருநாள் கேட்டாள். வைத்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், அவன் உயிரோடு இருக்கட்டும், எனக்குக் காணக் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று அஞ்சலாட்சி சொல்லிவிட்டாள்.

மழை ஓய்ந்த பிறகு, கையில் துணிப்பையோடு ஒரு பெண் குடியிருப்புக்குள் வந்தாள். சோளிங்கர் பக்கத்து ஊர், பெயர் பச்சையம்மா. அண்ணனைத் தேடி வந்திருந்தாள். அவன் மாதாமாதம் போன் பண்ணுகிறவன், சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி வீட்டில் தங்கியிருப்பதாகச் சொன்னவன், திடீரென்று ஓய்ந்துபோனான். அவள் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் காணவில்லை என்று எழுதிக் கொடுக்கப் பார்த்தாள், ஊருக்குப் போ வந்துடுவான் என்று விரட்டிவிட்டார்கள். அங்கிருந்து விசாரித்து விசாரித்து நடந்தே வந்தாள். குடியிருப்புக்குள் வந்த பிறகு அண்ணன் பெயரை நினைத்தாள், கால் எங்கும் போகவில்லை. ஏறின படியிலேயே ஏறினாள், இறங்கின படியிலேயே இறங்கினாள். சனங்கள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், யாரைத் தேடுறம்மா என்று அக்கறையாகக் கேட்டார்கள். அவள் சொன்னாள். இன்னா பேரு சொன்ன என்று மறுபடி கேட்டார்கள். மறுபடி சொன்னாள். அப்படி யாரும் இங்க இல்லியே என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியில் யாரோ கேபிள் ரூமைக் கைகாட்டினார்கள்.

டில்லிராணி யாருக்கோ லைன் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பச்சையம்மா வாசலிலேயே நின்று சொன்னாள்.

"எங்க அண்ணன்க்கா. பேரு தணிகாசலம்."

அந்தப் பெயர் டில்லிராணியின் காதில் விழுந்தது. கை பெட்டியின் கீபோர்டில் இருந்ததால் விழுந்ததா, விழட்டும் என்று ஒரு கணம் அவள் நினைத்ததால் விழுந்ததா, அவளுக்குத் தெரியாது. அப்படியானால் அன்றைக்கும் நினைத்திருந்தால் விழுந்திருக்குமே என்பது அடுத்த கணம் நெஞ்சில் இடித்தது. பச்சையம்மா பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். யாருடைய கல்யாணத்திலோ, புதுச் சட்டையில், காதோரம் சந்தனம் பூசிக்கொண்டு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

டில்லிராணி அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பன்னிரண்டாம் பிளாக்குக்குப் போனாள். கதவைத் தள்ளித் திறந்து, நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, அந்த ஆளோட தங்கச்சி வந்துருக்கு."

அஞ்சலாட்சி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தெரியலன்னு சொல்லி அனுப்பிடு ராணி என்றாள். அப்போது சுவரோரம் உட்கார்ந்திருந்தவன் பேசினான். எவ்வளவு நாளாக அங்கேயே உட்கார்ந்திருந்தான் என்று தெரியாதபடிக்குச் சுவரின் மஞ்சள் அவன் முதுகில் ஒட்டியிருந்தது.

"எழுதிடுக்கா," என்றான். "அவரு பேரையும் எழுது, என் பேரையும் இங்க கொண்டாந்து வையி. இதுக்கு மேல என்னால முடியல."

அஞ்சலாட்சி அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு டில்லிராணியிடம், சோறு வெந்ததும் எழுது, அவன் ஒரு வேளை சாப்பிடட்டும் என்றாள்.

கேபிள் ரூமில் நடந்ததையெல்லாம் பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் நின்று பார்க்க, டில்லிராணி தணிகாசலம் என்று எழுதி, உச்சி மாடி வீட்டின் நம்பரைப் பக்கத்தில் போட்டாள். லோகநாதனை எடுத்துப் பன்னிரண்டாம் பிளாக்கில் வைத்தாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். பச்சையம்மாவின் கால் அவளைக் கேட்காமலே கிளம்பியது. அவள் படியேறிப் போன வழியெல்லாம் கதவுகள் திறந்தன, வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள், ஏனென்றால் ஈர லுங்கியோடு ஒருவன் தெருவில் சொன்ன பெயர் அப்போதுதான் அத்தனை பேர் காதிலும் வந்து விழுந்தது, அவன் சொன்ன அதே குரலில், அவன் சொன்ன அத்தனை தடவையும். மேலே காலி வீட்டில் ஒரு மூலையில் பாய், ஆணியில் ஒரு சட்டை, தேய்ந்த சோப்பு. பச்சையம்மா சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் அழுத சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டது, யாரும் மேலே ஏறிப்போகத் துணியவில்லை.

பன்னிரண்டாம் பிளாக்கில் அஞ்சலாட்சி தட்டில் சோறு போட்டு, லோகு என்று நினைத்து, எழுந்து நடந்து, மூன்றடியில் மகன் முன்னால் நின்றாள். அவன் இளைத்துப்போயிருப்பதை அப்போதுதான் பார்த்தாள். கடைசிப் பருக்கை வரைக்கும் ஊட்டினாள். அவன் வாயைக் கழுவிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

போலீஸ் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே பெட்டி செல்லாது, இத்தனை காலம் காலை நம்பி நடந்தவர்களுக்கு ஸ்டேஷனுக்குப் போகும் வழி மறந்திருந்தது. பச்சையம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள், அவளுக்குப் பின்னால் லோகநாதன், அவனுக்குப் பின்னால் அஞ்சலாட்சியும் டில்லிராணியும், பிறகு பன்னிரண்டாம் பிளாக், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற பிளாக்குகள். பச்சையம்மா ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்தான் லோகநாதன் என்று அவன் சொன்னபோது, ஸ்டேஷனில் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அந்தாளு செத்துட்டான்யா, போய் வேலையைப் பாரு என்றார் ஒருவர். பெயரை மாத்தினது நான்தான் சார், பெட்டியில நான்தான் எழுதினேன் என்று டில்லிராணி முன்னால் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இதை எந்த செக்‌ஷன்ல எழுதறது என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டில்லிராணி திரும்பத் திரும்பச் சொன்னாள். தன்னைப் பிடித்து உள்ளே வைக்க மாட்டார்கள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. செய்ததைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஆனால் வாசலில் நின்ற கூட்டம் போகவில்லை. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, அஞ்சலாட்சியைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீதானேம்மா பொணத்தைப் பார்த்து மகன்னு கைநாட்டு வச்ச? பொய்ச் சாட்சிக்கு உள்ள போவ, தெரியுமா? யோசிச்சுச் சொல்லு. அன்னைக்கு யாருக்கு அழுத?"

அஞ்சலாட்சி மகனைப் பார்த்தாள். பிறகு பச்சையம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

"தணிகாசலத்துக்கு," என்றாள். "எம் மவன் இல்லன்னு தெரியும். தெரிஞ்சுதான் அழுதேன்."

ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை எடுத்து, பேரை இன்னொரு தடவை சொல்லு என்றார். அவள் சொன்னாள். வாசலில் வெயிலில் நின்றிருந்தவர்களில் ஒருவர் சொன்னார், அப்புறம் பக்கத்திலிருந்தவர், அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். பச்சையம்மா சட்டையின் பட்டனைப் போட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். அவர்களில் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.